ஊசி மருந்தும் மனச்சாட்சியும்

"சாமி, பிள்ளைப்பேற்றுக்கு ஹார்மோன் ஊசி போடுவது பாவமா?" எனப் பென்னலூர்த் தொழிலாளத் தம்பதியர் நம்மை வினவுவதுண்டு. கருமுட்டையை முதிர்விக்கும் அம்மருந்து இல்லறத்திற்குத் துணையாயின் பாவமன்று. தாம்பத்திய உறவுக்கு மாற்றாகச் சோதனைக் குழாயில் கருவை உருவாக்குவதையே 1987ஆம் ஆண்டு வத்திக்கான் போதனை விலக்கியது.

இத்தகைய ஊசியைக் கொண்டு கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் சோதனைக் குழாய் ஆய்வு நடத்தினார். 1978 அக்டோபர் 3ஆம் நாள் ஒரு பெண் மகவு பிறந்தது. அரசுக் குழு நம்ப மறுத்தது, ஏளனம் சூழ்ந்தது. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல்தான் விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார் அவருடைய குறிப்புகளை ஆராய்ந்து உண்மையை வெளிப்படுத்தினார்.

அவர் வழியைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆயினும், செயலைத் தீர்ப்பிடுவது வேறு. மனிதனை மிதிப்பது வேறு. பிள்ளையில்லாச் சகோதரியை 'மலடி' என்று ஏசும் நாவும் ஆண்டவர்முன் கணக்குக் கொடுத்தாக வேண்டும், அன்பர்களே!