மீன்தொட்டிக்கு ஒரு விளக்கு

நோர்வூட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டடி நீளமான ஒரு மீன்தொட்டி இருக்கிறது. நானா வாங்கியது. அவர் கட்டாருக்குப் போகும்போது, "மீனை விடச் செடியைக் கவனமாப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பசித்தால் மீன் கண்ணாடிப் பக்கம் வந்து நிற்கும், செடி ஒன்றும் கேட்காது என்பது அவருடைய நியாயம்.

அந்தச் செடியின் பெயர் கிரிப்டோகொரைன் வென்ட்டி. பெயரைக் கேட்டு வெளிநாட்டுச் செடி என்றுதான் நீண்ட நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது இலங்கைக்கே உரியது. தாழ்நிலத்து ஓடைகளில், மர நிழலில் வளர்வது. உலகெங்கும் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் காசல்ரீ நீர்த்தேக்கம். அந்தத் தண்ணீர்தான் நோட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்குகிறது. இருந்தும் எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி! காற்று மோட்டார் நின்றுபோக, நானா கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். அப்படியும் இரண்டு மீன்கள் செத்துப்போயின. செடியில் ஓர் இலைகூட வாடவில்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

நான் உயர்தரம் படிக்க விடுதிக்கு வந்தேன். ஒவ்வொரு விடுமுறைக்குப் போகும்போதும் செடி அதே அளவில்தான் இருந்தது. தொட்டிக்கு மேலே இருந்த 9 வாட் மின்குமிழ் போதவில்லை என்று நானே முடிவு செய்து, பெருநாள் காசில் ஹட்டனில் 36 வாட் எல்.ஈ.டி. விளக்கொன்று வாங்கி மாட்டினேன். "என்ட கடைக்கே இவ்வளவு வெளிச்சம் இல்லையே, மகள்" என்றார் வாப்பா.

அடுத்த விடுமுறையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் பச்சை முடி முளைத்தது போல பாசி. கண்ணாடியும் வழுவழுத்தது. நானாவுக்கு என்ன பதில் சொல்வது?

உம்மாவிடம் கேட்டேன். சுபஹ் தொழுதுவிட்டுப் போட்ட விளக்கை வாப்பா கடை மூடி வரும்வரை அணைப்பதில்லையாம். கிட்டத்தட்ட 16 மணித்தியாலம்! கோபத்தில் சத்தமாகவே பேசிவிட்டேன். உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நானாவும் இல்ல, நீயும் இல்ல. அது எரிஞ்சா ஊட்டுல ஆரோ இருக்குற மாதிரி" என்றார்.

அன்றிரவு நான் புத்தகத்தை எடுத்தது படிப்பதற்காக அல்ல. ஒளித்தொகுப்புப் பாடத்தில் எல்லைப்படுத்தும் காரணி என்று மனப்பாடம் செய்திருந்தோமே, அது எங்கள் தொட்டிக்குள்ளேயே நடந்திருந்தது. காபனீரொட்சைட்டும் உரமும் குறைவாக இருக்கும்போது வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது. பாசி பயன்படுத்திக்கொள்ளும்.

பழைய மின்குமிழின் பெட்டியைத் தேடி எடுத்தேன். வாட் என்பது செலவாகும் மின்சாரத்தின் கணக்கு. வெளிச்சத்தின் கணக்கு லூமன். நிழலில் வளரும் செடிக்கு லீற்றருக்குச் சுமார் 15 லூமன் போதும். எங்கள் தொட்டி 54 லீற்றர். பெட்டியில் 800 லூமன், 6500 கெல்வின் என்று போட்டிருந்தது. பகல் வெளிச்சத்துக்கு நெருங்கிய நிறம். நானா கணக்குப் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார். செடி வளராமல் இருக்கவில்லை. அதன் வளர்ச்சியே மெதுவானது.

விளக்கு சரி, நேரம்? செடிக்கு ஏழு மணித்தியாலம் போதும். அது காலையா மாலையா என்று செடி பார்ப்பதில்லை. "எந்த நேரம் ஊடு வெறிச்சோடிக் கிடக்கும், உம்மா?" என்று கேட்டேன். "அஸருக்குப் பிறகு வாப்பா வாற வரைக்கும்" என்றார். டைமர் ஒன்று வாங்கி, பின்னேரம் 2.30 முதல் இரவு 9.30 வரை என்று வைத்தேன். பாசி பிடித்த இலைகளை வெட்டி, மிச்சப் பாசியைப் பழைய பல்துலக்கியில் சுற்றி இழுத்தெடுத்தேன். வேர் இருந்தால் அது மறுபடி துளிர்க்கும்.

36 வாட் விளக்கு இப்போது வாப்பாவின் கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே எரிகிறது.

போன ஞாயிறு விடுதிக்குக் கோல் எடுத்த உம்மா என் படிப்பைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "மூணு புது இலை வந்திருக்கு மகள்" என்றார். "காலையில தொட்டி இருட்டாத்தான் இருக்கு. மீன் தூங்குதுன்னு நான் சத்தமில்லாம வேலை செய்றன்."