அலங்காரத்தின் கையில் காசு இருந்ததா?

'அம்மா வந்தாள்' நாவலை முதன்முதலாக வாசித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. விடுதி அறையில் ஒரே இரவில் முடித்துவிட்டு, நோட்டில் எழுதி வைத்தேன்: 'அலங்காரத்தை மன்னிக்க முடியவில்லை.' மன்னிக்கும்படி என்னை யாரும் கேட்கவில்லை என்பது அன்று உறைக்கவில்லை. வேத பாடசாலையிலிருந்து வீடு திரும்பும் அப்புவோடுதான் நானும் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அவனுடைய கூச்சமும் குமட்டலும் எனக்கும் ஒட்டிக்கொண்டன. தி. ஜானகிராமனின் எழுத்துக்கு அந்த வசியம் உண்டு.

அதே ஆண்டு 'சில நேரங்களில் சில மனிதர்க'ளை வாசித்து அழுதேன். கங்காவுக்காக அழுவது எளிதாக இருந்தது. மழையில் ஏறிய காரில் நடந்தது அவள் தேடிப்போனதல்ல. ஆகவே அவள்மீது தாராளமாக இரக்கப்பட்டேன். விரும்பி ஒருவனைச் சேர்ந்தவளுக்கு அதில் ஒரு சொட்டும் தரவில்லை.

2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அறைகளுக்குள்ளேயே நடக்கும் நாவல். கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டே வாசித்த பக்கங்கள் நிறைய. பிர்தவ்ஸுக்குப் பெற்ற தாயே நஞ்சு கொடுக்கும் இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தத் தாய்மீது கோபம் வரும் என்றிருந்தேன். வந்தது பயம். விடுதி நோட்டில் நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. அந்த வரிதான் இங்கே நஞ்சாகியிருந்தது.

பிறகு 'அம்மா வந்தாள்' நான் வகுப்பில் நடத்தும் பாடமானது. ஆண்டுதோறும் நடத்தி நடத்தி, ஏறக்குறைய மனப்பாடம். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அலங்காரம் தனியா இருக்கறப்ப என்ன நினைப்பா மேடம்? எங்கயாவது வருதா?" அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று தப்பித்தேன். வீட்டில் பென்சிலோடு உட்கார்ந்து தேடினேன். அவளை அப்பு பார்க்கிறான், தண்டபாணி பார்க்கிறார். அவளது அழகுக்கும் கம்பீரத்துக்கும் வர்ணனைகள் ஏராளம். அவளாகப் பார்த்தது, அவளாக நினைத்தது என்று நான் கோடு போட முடிந்த இடங்கள் மிகக் குறைவு. இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மேசையில் கிடந்த அந்தப் பிரதியை அம்மா எடுத்துப்போனாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு வாரம் வாசித்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று உள்ளுக்குள் உதறல். என் பழைய வரியை அவள் வாயால் கேட்க எனக்குத் தைரியமில்லை.

புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது அலங்காரம் செய்தது சரியா தப்பா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"கடைசில காசிக்குப் போறாளே, அங்க யார் வீட்ல தங்குவா? கையில அவளுக்குன்னு ஏதாவது காசு வச்சிருந்தாளா?"

நான் பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன்.