பச்சை விளக்கை மட்டும் நம்பினால்...

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியார், ஒரு வாரம் என்னைக் கவனித்துவிட்டுக் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, ஒண்ணும் செய்யாம மறுபடியும் படுத்துக்கிறியே, எதுக்கும்மா?"

"ஒண்ணும் செய்ய வேண்டியதில்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் அத்தை" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் என் வேலையை அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் சிங்கப்பூரில் தரவுத்தள நிர்வாகி. ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்குகள் எல்லாம் இருக்கும் கணினி ஒரு நாள் படுத்துவிட்டால், வேறோர் இடத்தில் இருக்கும் இன்னொரு கணினி அந்த வேலையைத் தொடர வேண்டும். அந்த இரண்டாவது கணினிக்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர். அதைத் தயாராக வைத்திருப்பதும், தயாராகத்தான் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு.

புரியும்படி சொல்ல வேண்டுமென்றால், சிராங்கூன் சாலையில் ஒரு பழைய மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு விற்பனையையும் முதலில் நாட்பதிவேட்டில் குறிப்பார். பிறகு பேரேட்டில் ஏற்றுவார். கடைக்காரர் முன்யோசனை உள்ளவர். ஜூரோங்கில் இன்னொரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து, அதே பேரேட்டின் நகலைக் கொடுத்திருக்கிறார். இங்கே நாட்பதிவேட்டில் ஒரு வரி எழுதியதும் தொலைபேசியில் அங்கே வாசிக்கிறார்கள். அவரும் குறித்துக்கொண்டு தம் பேரேட்டில் ஏற்றுகிறார். நாளைக்கே இந்தக் கடையில் தீப்பிடித்தாலும் கணக்கு அங்கே இருக்கிறது.

தரவுத்தள நகலாக்கமும் இதுதான். ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு பதிவுக் கோப்பில் விழுகிறது. அந்தக் கோப்பு ஸ்டாண்ட்பைக்குப் போகிறது. அங்கே வரி வரியாக மீண்டும் நிகழ்த்தப்படுகிறது. தாமதம் இரண்டு இடங்களில் வரலாம். வரியை வாசிப்பது தாமதமாகலாம். வாசித்துவிட்டாலும் பேரேட்டில் ஏற்றுவது தாமதமாகலாம். இரண்டையும் தனித்தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஜூரோங்கிலிருந்து "எழுதிட்டேன்" என்று பதில் வரும்வரை இங்கே வாடிக்கையாளரைக் காக்க வைப்பதா, வேண்டாமா? காக்க வைத்தால் ஒரு வரிகூடத் தவறாது. ஆனால் எல்லாம் மெதுவாகும். காக்க வைக்காவிட்டால் வேகம் கிடைக்கும். விபத்து நேர்ந்தால் கடைசிச் சில வரிகள் போய்விடலாம். கண்ணாடியிழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் ஓடும். சிங்கப்பூரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி சுமார் 50 கிலோமீட்டர். போய் வர அரை மில்லிநொடி. காத்திருப்பது பெரிய செலவில்லை. ஸ்டாண்ட்பை சென்னையில் இருந்தால் தூரம் 3,000 கிலோமீட்டர் அளவுக்கு வரும். ஒளி போய் வரவே 30 மில்லிநொடி. நாளுக்குப் பல லட்சம் பரிவர்த்தனைகளில் அது தெரியும். பக்கத்தில் வைத்தால் வேகம். தூரத்தில் வைத்தால் ஒரே பேரிடரில் இரண்டும் மாட்டாது. எது வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் இருந்தால் போதுமா? போதாது என்பதை இந்த ஊர் ஒரு சனிக்கிழமை பார்த்தது.

2023 அக்டோபர் 14. புரட்டாசி சனி, மகாளய அமாவாசையும் அன்றுதான். தீபாவளிக்கு நான்கு வாரங்கள்தாம் இருந்தன. அன்று பிற்பகல் மூன்று மணிவாக்கில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் தடைபட்டன. இரு வங்கிகளும் பயன்படுத்திய எக்வினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒப்பந்தக்காரர் ஒருவர் தவறான சமிக்ஞை அனுப்பியதில், உள்ளே வெப்பநிலை ஏறிவிட்டது. இரு வங்கிகளும் உடனே மாற்றுத் தரவு நிலையங்களுக்கு மாற முயன்றன. அங்கேதான் சிக்கல். டிபிஎஸ்ஸில் வலைப்பின்னல் அமைப்பில் இருந்த ஒரு பிழையால் மாற்று நிலையத்தோடு சரியாக இணைய முடியவில்லை. சிட்டிபேங்க்கிற்கும் இணைப்புச் சிக்கல்.

அன்று பிற்பகல் 2.54 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4.47 வரை, இரு வங்கிகளின் மின்னிலக்கச் சேவைகளுக்குள் நுழைய நடந்த 810,000 முயற்சிகள் வரை தோற்றன. சுமார் 25 லட்சம் கட்டணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறவில்லை. நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு இது. ஒரு முக்கியச் சேவை, 12 மாதங்களில் மொத்தம் நான்கு மணி நேரத்துக்குமேல் எதிர்பாராமல் தடைபடக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. அந்த ஆண்டில் டிபிஎஸ்ஸில் ஏற்கெனவே சில தடங்கல்கள் நேர்ந்திருந்தன. அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களையும் புதிய வணிக முயற்சிகளையும் ஆறு மாதம் நிறுத்திவைக்கும்படி நவம்பர் 1ஆம் தேதி அந்த வங்கிக்கு உத்தரவு வந்தது.

என் துறையில் இருப்பவர்கள் இந்தச் செய்தியை வேறு விதமாகப் படித்தோம். ஸ்டாண்ட்பை இல்லாததால் வந்த பிரச்சினை அல்ல இது. நிலையம் இருந்தது; அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருந்தது.

முன்பு நான் சேர்ந்த ஒரு நிறுவனம் நினைவுக்கு வருகிறது. பல முதலாளிகளுக்காகச் சம்பளப் பட்டியல் தயாரிப்பது அவர்கள் தொழில். பட்டியலில் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பிகள் நிறைய. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் தரவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அந்தப் பணத்தை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் பணமாற்றுக் கடைகளில் வரிசை நிற்கிறது. இங்கே ஒரு நாள் தள்ளிப்போனால், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் நகைக்கடன் வட்டியோ பள்ளிக் கட்டணமோ தள்ளிப்போகும்.

அங்கே சுவரில் ஒரு பெரிய திரை. ஸ்டாண்ட்பை பக்கத்தில் பச்சை விளக்கு. தாமதம் இரண்டு நொடி. முதல் வாரக் கூட்டத்தில் நான் கேட்டேன்: "கடைசியாக எப்போது ஸ்டாண்ட்பையில் வேலையை ஓட்டினீர்கள்?" யாரும் பேசவில்லை. நிறுவி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு முறைகூட ஓட்டியதில்லை.

ஒத்திகை பார்க்க அனுமதி கேட்டபோது நிதித்துறைத் தலைவி ஒரு கேள்வி கேட்டார். "நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தி, திரும்ப ஓடாமல் போனால் யார் பொறுப்பு?" நியாயமான கேள்விதான். ஒத்திகையும் ஓர் ஆபத்துதான். நான் சொன்ன பதில் இது: "நாம் தேர்ந்தெடுத்தால் மாத நடுவில், சம்பளமெல்லாம் போன பிறகு, ஒரு சனிக்கிழமை இரவு. அதுவாக வந்தால் ஆறாம் தேதி இரவாகவும் இருக்கலாம்." அனுமதி கிடைக்க நான்கு மாதமாயிற்று.

ஒத்திகை இரவு பதினொரு மணிக்குத் தொடங்கியது. தரவுத்தளம் ஒன்பதே நிமிடத்தில் மாறிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு சம்பளச் செயலியைத் திறந்தால், திறக்கவில்லை. பழைய கணினியின் முகவரியை மூன்று இடங்களில் நேரடியாக எழுதி வைத்திருந்தார்கள். ஒரு சர்வருக்கு இரண்டாவது நிலையத்தின் தீச்சுவரில் அனுமதியே இல்லை. வங்கிக்குக் கோப்பு அனுப்பத் தேவையான சான்றிதழ் முதல் நிலையத்தில் மட்டும் இருந்தது. நள்ளிரவில் தானாக ஓடவேண்டிய வேலைகளை இரண்டாவது இடத்தில் யாரும் அமைக்கவில்லை. எல்லாம் சரியாகும்போது விடிகாலை நாலரை. தரவுத்தளத்தில் ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றிலும் இருந்தது.

இரண்டாவது ஒத்திகையில் ஒரு விதி வைத்தோம். குறிப்பேட்டைப் பார்த்து வேலை செய்யப்போவது குழுவிலேயே இளையவர். அனுபவசாலிகள் வாய் திறக்கக்கூடாது. பதினான்காவது படியில் அவர் நின்றுவிட்டார். அங்கே எழுதியிருந்தது: 'வழக்கம்போல் செய்க.' அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். வழக்கம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் அன்றே முழுக் கட்டளையையும் எழுதிச் சேர்த்தோம். மூன்றாவது முறை, ஒரு வாரம் முழுக்க, சம்பள நாளும் சேர்த்து, ஸ்டாண்ட்பையிலேயே தொழிலை நடத்தினோம். தொழிலாளர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அதை ஸ்டாண்ட்பை என்று சொல்ல எனக்கு மனம் வந்தது.

அந்தப் பச்சை விளக்கு பொய் சொல்லியதா என்றால், இல்லை. அதனிடம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொன்னது. ஆனால் சில நேரம் அதுவும் ஏமாற்றும். இணைப்பு அறுந்தாலும் கடைசியாகக் கிடைத்த எண் திரையில் அப்படியே நிற்கலாம். அதனால் நான் ஓர் எளிய வழியைப் பின்பற்றுகிறேன். முதன்மைத் தரவுத்தளத்தில் ஒரு சின்ன அட்டவணையில் நிமிடத்துக்கொரு முறை மணி என்ன என்று எழுத வைப்பேன். ஸ்டாண்ட்பையில் அதே அட்டவணையைப் படித்தால், எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். பதிவுக் கோப்புகள் சேரும் இடம் நிரம்பிவிடாமல் பார்க்க வேண்டும். வேகத்துக்காகப் பதிவுக் கோப்பில் எழுதாமலே தரவை ஏற்றும் குறுக்குவழி சில மென்பொருள்களில் உண்டு. நாட்பதிவேட்டில் எழுதாததை ஜூரோங் கணக்குப்பிள்ளை எப்படி அறிவார்? அந்தக் குறுக்குவழியை அடைத்து வைக்க வேண்டும்.

எச்சரிக்கை மின்னஞ்சல் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று பொருளில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நகலாக்கம் பின்தங்கியது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், ஸ்டாண்ட்பை என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளையே அழித்துவிட்டார். சேமிப்புப் பிரதியைத் தேடினால், அது பல நாளாக எடுக்கப்படவே இல்லை. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் பெறும் இடத்தில் மறுக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள முடிகிறது. எங்கள் அலுவலகத்தில் இப்போது "நலமாக இருக்கிறேன்" என்று தினமும் காலை ஒரு செய்தி வரும். அது வராததுதான் எங்களுக்கு எச்சரிக்கை மணி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டாண்ட்பை வேறு, சேமிப்புப் பிரதி வேறு. யாராவது தவறுதலாக ஒரு பட்டியலை அழித்தால், அந்த அழிப்பும் அடுத்த நொடியே ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். நகலாக்கம் நல்லதையும் கெட்டதையும் ஒரே வேகத்தில் சுமக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் நேற்று எடுத்த பிரதி தனியாக இருக்க வேண்டும்.

இது அலுவலகத்துக்கு மட்டுமான பாடமில்லை. கைப்பேசியில் இருக்கும் குழந்தையின் படங்கள் மேகக் கணிமையிலும் இருக்கின்றன என்று நிம்மதியாக இருக்கிறோம். கைப்பேசியில் அழித்தால் அங்கேயும் அழியும்படி அமைத்திருக்கிறதா என்று இன்று பார்த்துவிடுங்கள். தனியாக ஒரு வட்டில் சேமித்திருந்தால், அதிலிருந்து ஒரு படத்தையாவது திறந்து பாருங்கள். இரண்டாவது வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் அதன் ரகசிய எண் நினைவிருக்கிறதா என்று ஒரு முறை பணம் எடுத்துப் பார்க்கலாம். பணப்பையில் ஐம்பது வெள்ளி தாளாக இருப்பதும் நல்லதுதான்.

வரும் சனிக்கிழமை இரவு எங்கள் அலுவலகத்தில் அடுத்த ஒத்திகை. இந்த முறை விசைப்பலகையில் உட்காரப்போவது வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதமான ஒரு பெண். பின்னால் ஒரு நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்திருப்பேன், பேசாமல். பேசாமல் இருப்பதுதான் அன்றைக்குக் கடினமான வேலை.