சிங்கராஜவில் ஒரு வாய்திறவாக் குயில்

குயில் பார்க்கப் போகிறவர்கள் காதை நம்பித்தான் போவார்கள். சிங்கராஜக் காட்டில் அது பலிக்காது. இலங்கைக்கே உரிய செம்முகப் பூங்குயில் அநேகமாக வாய் திறப்பதில்லை. மற்றப் பறவைகள் போடும் இரைச்சலை வைத்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

கலவானவைத் தாண்டி, குடாவ வாசலால் உள்ளே போனோம். கூட வந்த வழிகாட்டி அட்டைக்குக் காலுறையில் சவுக்காரம் தேய்க்கச் சொன்னார், தேய்த்தும் கடித்தது. நடந்த அகலப் பாதை, 1970களில் ஒட்டுப்பலகைக்காக வெட்டிய மரங்களை ஏற்றிய லொறிகள் போன தடம். எதிர்ப்பு வலுத்து அந்த வெட்டு நின்றது. 1988இல் காடு உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

மழை விட்டதும் மேலே ஒரே கலகலப்பு. முதலில் செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள். யாழ்ப்பாணத்தில் புலுனி என்போமே, அதன் காட்டுச் சொந்தம். பின்னால் கொண்டைக் கரிச்சான். மற்றப் பறவைகளின் குரலைப் பாவனை செய்து இது கூட்டம் சேர்க்கிறது என்று இதே காட்டில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. இப்படிச் சேரும் கூட்டமொன்றில் சராசரியாக 40 பறவைகள், 11 இனங்கள்! ஒன்று கிளப்பிவிடும் பூச்சி இன்னொன்றுக்கு இரை. பருந்து வந்தால் யாராவது ஒருவர் கத்திவிடுவார்.

அந்தச் சந்தடிக்கு நடுவே, உச்சிக் கிளையில், நீண்ட வாலோடு அது தாவியது. கரும்பச்சை முதுகு, வெள்ளை வயிறு, இளம்பச்சை அலகு, கண்ணைச் சுற்றி இரத்தச் சிவப்பு. வாலையும் சேர்த்து ஒன்றரை அடி நீளம். இவ்வளவு பகட்டான பறவை எப்படித்தான் இலைக்குள் மறைகிறதோ! வழிகாட்டி தொலைநோக்கியை என் கையில் திணித்தார்.

“கண்ணைப் பாருங்க மாத்தயா, வெள்ளை. அது நோனா.”

ஆணுக்குக் கண் பழுப்பு.

குயில் என்றதும் காக்கைக் கூட்டில் முட்டையிடும் கள்ளத்தனம்தான் நினைவுக்கு வரும். இந்த நோனாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சொந்தக் கூட்டில் இரண்டு மூன்று வெள்ளை முட்டை. உலகக் குயில் இனங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். சிலர் செய்த வேலைக்கு முழுக் குடும்பமும் பழி சுமக்கிறது.

கூட்டைக் கண்டிருக்கிறீர்களா என்று வழிகாட்டியைக் கேட்டேன்.

“கண்டது. இடம் சொல்ல ஏலாது.”