காணாத மாளிகை

நாம் உயிராய் நேசிக்கும் ஒருவர், நம் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை மெய்யென்று சொல்லி, அதனிடம் தம் வாழ்வையே ஒப்புவித்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? அவரை நம்புவோமா, அல்லது அன்பின் பெயரால் அவரை மீட்கப் புறப்படுவோமா? இந்தக் கேள்வியை ஒரு மாயக் கதைக்குள் வைத்து நம் நெஞ்சில் இறக்கிவிடுகிறது, சி. எஸ். லூயிஸ் 1956-இல் வெளியிட்ட நாவல். ‘டில் வி ஹாவ் ஃபேசஸ்’ என்பது அதன் பெயர். ‘நமக்கு முகங்கள் வாய்க்கும்வரை’ என்று தமிழில் சொல்லலாம்.

நார்னியா கதைகளால் சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்த லூயிஸ், இந்நாவலுக்கு எடுத்துக்கொண்ட கரு மிகப் பழையது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய அப்பூலியஸ், சைக்கி என்னும் பேரழகியின் கதையைச் சொல்லியிருக்கிறார். காதல் தெய்வம் இருளில் மட்டும் வந்து அவளோடு வாழ்கிறது. தன் முகத்தை அவள் பார்க்கலாகாது என்று விதிக்கிறது. அவளுடைய மாளிகையைக் கண்டு பொறாமை கொண்ட தமக்கையர், விளக்கேற்றிப் பார்க்கும்படி தூண்டிவிட, அவள் வாழ்வு குலைகிறது. லூயிஸ் இதில் முதன்மையான ஒன்றை மாற்றினார். தமக்கையின் கண்ணுக்கு அந்த மாளிகை தெரிவதேயில்லை! இந்த மாற்றத்தால் பொறாமையின் கதை நம்பிக்கையின் கதையாகிவிடுகிறது.

குளோம் என்னும் கற்பனை நாட்டின் மூத்த இளவரசி ஓருவல். அழகற்றவள், தந்தையின் ஏளனத்தில் வளர்ந்தவள். பிறந்தபோதே தாயை இழந்த தங்கை சைக்கியைத் தாயாய் இருந்து வளர்த்தவளும் அவளே. நாட்டில் வறட்சியும் கொள்ளைநோயும் பரவ, சைக்கியை மலைத் தெய்வத்திற்குப் பலியாக விட்டுவருகிறார்கள். எலும்புகளையாவது எடுத்து அடக்கம் செய்வோம் என்று மலையேறிய ஓருவல், தங்கை உயிரோடும் பூரிப்போடும் நிற்கக் காண்கிறாள். தங்கை காட்டும் மாளிகையின் இடத்தில் அவளுக்குத் தெரிவது வெட்டவெளி. தங்கை தரும் திராட்சை இரசம் அவள் நாவில் வெறும் தண்ணீர்.

இருளில் வரும் அந்தக் கணவன் யார்? கொடிய ஏதோ ஒன்று என அஞ்சுகிறான் படைவீரன் பார்டியா. மலையில் ஒளிந்து திரியும் கள்வன் என்று பகுத்தறிவு பேசுகிறார், ‘நரி’ எனப்படும் கிரேக்க ஆசிரியர். மர்மக் கதைக்குரிய ஆவலோடு நாமும் துப்புத் துலக்கத் தொடங்குகிறோம். விடியுமுன் மங்கலில், மூடுபனியினூடே, மாளிகை ஒரு கணம் ஓருவலுக்குத் தெரிந்து மறைகிறது. ஆயினும் அவள் தன் கையிலேயே குத்துவாளைப் பாய்ச்சி, விளக்கேற்றிப் பார்க்காவிடில் உன்னைக் கொன்று நானும் மாய்வேன் என மிரட்டுகிறாள். சைக்கி ஏமாந்து இணங்கவில்லை. வரப்போகும் இழப்பை உணர்ந்தே, அக்காள் மீதுள்ள அன்பினால் இணங்குகிறாள்.

இந்த இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். கன்னியர் மடத்தில் சேர்ந்த என் மகளை முதன்முறை காணச் சென்றது நினைவுக்கு வந்தது. அவள் தங்கியிருந்த இடத்தில் நான் கண்டவை ஓர் இரும்புக் கட்டிலும் ஒரு சிறு மேசையும்தான். அவளோ தனக்குக் குறையொன்றும் இல்லை என்றாள். அவள் குடியிருந்த மாளிகை என் கண்ணுக்குத் தெரியவில்லை. நிறைவு பொங்கிய அவள் முகம் தெரிந்தது. அதை நம்பித்தான் வீடு திரும்பினேன். மகளைத் தொலைதூரத்திற்கு மணம் முடித்து அனுப்பிய பெற்றோருக்கும் இது விளங்கும்.

தங்கையை இழந்த ஓருவல், முகத்திரை அணிந்து நல்லாட்சி தரும் அரசியாகிறாள். பார்டியாவின் மீது அவளுக்குள்ள காதல் வாய்திறந்து சொல்லப்படாதது. அவன் இறந்தபின் ஆறுதல் சொல்லச் சென்றவளிடம், அவனுடைய மனைவி அன்சிட் மறைக்காமல் பேசுகிறாள்: ஓயாத அரசுப் பணியால் அவனை உறிஞ்சியெடுத்துவிட்டு, மிச்சத்தையே அரசி வீட்டுக்கு அனுப்பினாளாம். அன்பு ஊட்டவும் வல்லது, உண்ணவும் வல்லது என்பதை இதைவிடத் துலக்கமாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

நாவல் முழுவதும் தெய்வங்களுக்கு எதிராக ஓருவல் எழுதும் குற்றச்சாட்டே. அதை அவள் இறந்தோர் அவையில் உரக்க வாசிக்கும்போது, ‘அவள் எனக்கே உரியவள்’ என்னும் தன் நெஞ்சின் உண்மைக் குரலைத் தானே கேட்கிறாள். முறையீடே மறுமொழியாகிறது. யோபுவின் வழக்கும் விளக்கத்தால் தீரவில்லை. இறைவனின் வருகையால் அன்றோ தீர்ந்தது! கணவன் யார் என்று தேடிக்கொண்டிருந்த நாம், இறுதியில் முகத்திரைக்குள் இருப்பவள் யார் என்பதே உண்மையான மர்மம் எனக் காண்கிறோம்.

லூயிஸ் இந்நூலை ஜாய் டேவிட்மனுக்குக் காணிக்கையாக்கினார். அதே 1956-இல் அவரை மணந்தார். 1960-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ‘என்’ என்ற சொல்லை அன்பிலிருந்து பிரித்தெடுப்பது எத்தனை கடினம் என்று எழுதியவர், நான்கே ஆண்டுகளில் தம் கைகளையும் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது.