தண்ணீர்மேல் ஒரு குடித்தனம்

புனேயில் போட் கிளப் சாலை பணக்காரர்கள் தெரு. பேருக்கு ஏற்றபடி பக்கத்திலேயே ஆறும் இருக்கிறது, படகும் இருக்கிறது. கொஞ்சம் மேலே, முளாவும் முட்டாவும் கூடுகிற சங்கத்துக்குப் பக்கத்தில், பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் துடுப்புப் போட்டுப் பழகுவார்கள். ரெகட்டா என்று ஒரு விழாவும் உண்டு. ஆனால் அதெல்லாம் காலையில் ஏறி, வியர்த்து, இறங்கி, வீட்டுக்குப் போய்ப் போஹா சாப்பிடுகிற படகு. அதில் யாரும் உலை வைப்பதில்லை.

கிர்க்கி தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் இப்போது ராஸ்தா பேட்டையில் இருக்கிறார். அவருடைய மகள் ஹாலந்தில் ஒரு பழைய சரக்குப் படகை வாடகைக்கு எடுத்து, குழந்தைகளோடு கால்வாய் கால்வாயாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலில் பூந்தொட்டி, கொடியில் துணி, உள்ளே கட்டில். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் இப்படி ஆள் குடியிருக்கிற படகுகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. “நம்ம பக்கம் இதெல்லாம் ஏது சார்?” என்றார். சென்னை மந்தைவெளிக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

எங்கள் அப்பாவுக்குக் கால்வாய்க் கரையில் விறகுத் தொட்டி. பக்கிங்ஹாம் கால்வாய் அன்று சாக்கடை இல்லை. சென்னைக்குள் நுழைகிற ஒரு பெருவழி. ஆந்திராவில் பெத்த கஞ்சத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை, கடலை ஒட்டியே 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 1806-ல் எண்ணூர் வரை வெட்டியபோது கொக்ரேன் கால்வாய் என்றார்கள். பட்டணத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டியது. கூலிக்கு மண் சுமந்தவர்கள் பஞ்சத்தில் அடிபட்டு வந்த சனங்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

வடக்கேயிருந்து உப்பும், ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும், சுண்ணாம்புக் கிளிஞ்சலும் வரும். தெற்கேயிருந்து சவுக்கு. எங்களுக்குச் சவுக்குதான் சோறு. பட்டணமே விறகு அடுப்பில் சமைத்த காலம். படகு இரண்டு நாள் தாமதமானால் தொட்டி வாசலில் பெண்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு கோடை விடுமுறையில், அப்பாவின் கணக்குப்பிள்ளையோடு என்னையும் மரக்காணம் போகிற படகில் ஏற்றிவிட்டார்கள். வெறும் படகு, திரும்பும்போதுதான் சுமை. தட்டையான அடி, நடுவில் ஒரு பாய்மரம், பின்பக்கம் மூங்கில் வளைத்துப் பாய் போட்ட கூண்டு. அந்தக் கூண்டுக்குள்தான் படகுக்காரர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். நின்றால் தலை இடிக்கும். மணல் நிரப்பிய பெட்டியின்மேல் மண் அடுப்பு. தண்ணீரிலேயே வாழ்கிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்தான் பெரும்பாடு, கால்வாய் முழுக்க உப்பு. எந்த ஊர்க் கரையில் நல்ல கிணறு, எந்தக் கிணற்றில் யாரை இறைக்க விடுவார்கள், யாரை விடமாட்டார்கள் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம். நடக்கத் தொடங்கிய கடைக்குட்டியின் அரைஞாணில் ஒரு கயிறு. அதன் மறுமுனை பாய்மரத்தில். பிள்ளை படகின் விளிம்புவரை போகும், எட்டிப் பார்க்கும், திரும்பி வரும். “விழமாட்டான் கண்ணு, அளந்துதான் கட்டியிருக்கேன்” என்று என்னிடம் சொன்னாள்.

கால்வாயில் கடலேற்றம் வரும். ஆறுகள் குறுக்கிடுகிற இடங்களில் நீர்மட்டம் சமமாகிற வரை கதவு போட்டு நிறுத்துவார்கள். அதற்கு லாக் என்று பெயர். அங்கே படகுகள் வரிசையாக நின்றால் அது ஒரு தெருவாகிவிடும். படகுக்குப் படகு குழம்பு கைமாறும். கடன் வசூல், வம்பு, பெண் கேட்பது எல்லாம் லாக் வாசலில்தான். இன்றைக்குச் சேப்பாக்கம் பக்கம் லாக் நகர் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேருக்குக் கதவு ஞாபகம் வருமோ.

காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் மூங்கில் கழியைத் தோளில் முட்டுக்கொடுத்துப் படகின் ஓரத்தில் முன்னும் பின்னும் நடப்பார்கள். எதிர்காற்று என்றால் கரையில் இறங்கிக் கயிறு போட்டு இழுக்க வேண்டியதுதான். பதினேழாம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் அந்த வேலைக்குக் குதிரை பூட்டினார்கள், நேர அட்டவணை வைத்துப் பயணிகள் படகு விட்டார்கள். இங்கே குதிரையின் இடத்தில் ஆள். பாரதிதாசன் 1934-ல் நண்பர்களோடு இந்தக் கால்வாயில்தான் மாமல்லபுரம் போனார். அந்தப் பயணத்தைப் பாடிய பாட்டில் நிலாவும் அழகும் இருந்தாலும், கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தவனைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. படகு வாழ்க்கை என்றதும் பூந்தொட்டி மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம். இழுக்கும்போது படகு சத்தமே இல்லாமல் போகும். கூண்டுக்குள் படுத்திருந்த எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி இடிந்த கோட்டையைப் பார்த்தோம். டச்சுக் கோட்டை. வடக்கே பழவேற்காட்டிலும் 1613-லேயே கோட்டை கட்டியவர்கள் அவர்கள். ஆக எங்கள் படகுக்காரர் குடித்தனம் நடத்திய கால்வாய் இரண்டு டச்சுக் கோட்டைகளைக் கடந்துதான் ஓடியிருக்கிறது! ராஸ்தா பேட்டை நண்பரிடம் இதைச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

அறுபதுகளின் நடுவில் அடித்த புயல்களில் கால்வாய் பல இடங்களில் தூர்ந்தது. புயல்தான் கொன்றது என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. லாரி வந்தது, மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, அப்புறம் கேஸ் வந்தது. தூர் வார வேண்டிய அவசியம் யாருக்கும் படவில்லை. பிறகு கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். 1997-ல் அது மயிலாப்பூருக்கு வந்தது. 2008-ல் இதே கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்து அறிவித்தார்கள். அறிவிப்பு நன்றாகத்தான் இருந்தது.

படகு ஓடிய நாளில் அந்தப் படகுக்காரர் குடும்பத்துக்கு ரேஷன் அட்டை வாங்கிக் கொடுத்தது அப்பாதான். முகவரி என்ற இடத்தில் படகு என்று எழுதினால் அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் எங்கள் தொட்டியின் கதவு எண்ணையே எழுதினார்கள். வாக்காளர் பட்டியலிலும் அதுவே ஏறியது. அவர்கள் மரக்காணத்தோடு நின்றுவிட்டார்கள், நாங்களும் தொட்டியை மூடினோம். அதற்கப்புறமும் இரண்டு தேர்தலுக்கு அவர்கள் பெயரில் பூத் சீட்டு வந்தது. அப்பா அதை வாங்கிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தார், என்றைக்காவது வந்து கேட்பார்கள் என்று.