எம்.கே.பி. நகர்: ஆயா கொடுத்த வெள்ளிக் காசு!

எம்.கே.பி. என்றதும் யாரோ ஒரு ஜமீன்தாரின் இனிஷியல் என்று நினைப்பவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். மகாகவி பாரதி நகர் என்பதன் சுருக்கம்தான் அது. வியாசர்பாடியை ஒட்டி வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்பு. பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் வியாசர்பாடி ஜீவா. பாரதியின் பாடல்களை மேடை மேடையாகக் கொண்டுசென்ற தோழர் ஜீவானந்தத்தின் பெயர் அது. பாரதியும் ஜீவாவும் அடுத்தடுத்து இருக்கும் ஊரை ரவுடிப் படங்களில் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே பண்டிகை நாளில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் கொஞ்சம் ஆச்சர்யம் காத்திருக்கும்.

இங்கே பாட்டி என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஆயாதான். அந்த ஆயாவின் பீரோவில், புடவை மடிப்புக்குக் கீழே, மருந்துக்கடை கவரிலோ பழைய பவுடர் டப்பாவிலோ வெள்ளிக் காசுகள் இருக்கும். பேரனுக்குப் பேர் வைக்கிற நாள், பேத்திக்குக் காது குத்துகிற நாள், மஞ்சள் நீராட்டு, பத்தாம் வகுப்பு ரிசல்ட் என்று ஒவ்வொரு நல்ல நாளுக்கும் ஒன்று வெளியே வரும். தங்கம் கொடுக்க ஆசைதான், வசதி வேண்டாமா? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், லாரி ஓட்டியவர்களும், பின்னி மில்லில் வேலை பார்த்தவர்களும் வாழ்ந்த பகுதி இது. வெறும் நூறு ரூபாய் நோட்டாகக் கொடுத்தால் மறுநாளே பிரியாணியாகிவிடும். தங்கத்துக்கும் நோட்டுக்கும் நடுவில் கைக்கு அடங்கியது வெள்ளி.

ஒரு மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் உரிய பழக்கமும் அல்ல இது. வடசென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். போகி அன்று சாயங்காலம் சின்னப் பிள்ளைகளை மனையில் உட்காரவைத்து, இலந்தைப்பழம், பூ, கரும்புத்துண்டு, சில்லறைக் காசு எல்லாவற்றையும் கலந்து தலையில் கொட்டுவார்கள். கண் திருஷ்டி கழிக்க! முஸ்லிம் குடும்பங்களில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் அகீகா. தலைமுடியை மழித்து, அந்த முடியின் எடைக்கு வெள்ளி அல்லது அதற்கான பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பது மரபு. பச்சைக் குழந்தையின் முடி என்ன எடை இருந்துவிடப் போகிறது? ஆனாலும், குழந்தையின் பேரில் கணக்கிடப்படும் முதல் வெள்ளி வீட்டைத் தாண்டி இன்னொருவர் கைக்குப் போகிறது. ராயபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானத்தன்று ஞானத்தாய், ஞானத்தகப்பன் கொடுக்கும் பரிசுகளில் வெள்ளிக்குத் தனி இடம் உண்டு.

தங்கசாலைக்குப் போகும் வழி

வெள்ளி வாங்க உள்ளூரிலேயே கடைகள் உண்டு. ஆனால், விலை விசாரித்து வாங்க நினைக்கிற பெரியவர்கள் சவுகார்பேட்டைக்குத்தான் கிளம்புவார்கள். அம்பேத்கர் கலைக் கல்லூரியைத் தாண்டி, பேசின் பாலத்தைக் கடந்தால் மின்ட். ஐந்து கிலோமீட்டர் அளவில்தான் தூரம். மழைக்காலமென்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

மின்ட், தங்கசாலை என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே நிஜமாகவே காசு அடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸில் இடம் கொடுத்த நாயக்கர்களின் சாசனத்திலேயே நாணயம் அச்சடிக்கும் உரிமையும் சேர்ந்திருந்தது. முதலில் கோட்டைக்குள் அடித்தார்கள். 1840-களில் நாணயச்சாலை இன்றைய தங்கசாலைப் பகுதிக்கு வந்தது. 1869-ல் மூடப்பட்டது. பிறகு அந்த வளாகம் அரசு அச்சகத்தின் வசமானது. காசு அச்சடித்த இடத்தில் காகிதம் அச்சடிக்கத் தொடங்கினார்கள்!

அந்தக் காலத்து மதராஸ்காரர்கள் வராகன், பணம், காசு என்றுதான் எண்ணினார்கள். வராகன் தங்கம். 1818-ல்தான் மதராஸ் மாகாணத்துக்கு வெள்ளி ரூபாய் அடிப்படை நாணயமானது. 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் வந்தது. எடை 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. நாணயம் என்பது பணம் மட்டுமல்ல, எடைக்கல்லும்தான். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். பழைய வைத்தியக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருவதன் அர்த்தம் இதுதான்.

அந்த ரூபாய்களில் சில இன்னமும் வடசென்னையின் பழைய டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. ராணி காசு, ராஜா காசு என்பார்கள். விக்டோரியா தலை, ஏழாம் எட்வர்டின் வழுக்கைத் தலை, ஐந்தாம் ஜார்ஜின் தாடி. இதில் 1911-ல் வந்த ஜார்ஜ் ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. அரசரின் மேலங்கியில் இருந்த யானைச் சின்னம் பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று சர்ச்சை கிளம்பி, அரசாங்கமே அந்தக் காசைத் திரும்பப் பெற்றது. அடுத்த வருடக் காசில் யானைக்குத் தும்பிக்கை ஒழுங்காக வந்தது!

ஒரே மாதிரி இருக்கும், ஒன்றல்ல

பழைய காசைப் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆயாக்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. காசில் இருக்கும் வருடம்.

1939 வரையிலான ரூபாயில் 12-ல் 11 பங்கு வெள்ளி. கணக்குப் போட்டால் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. இரண்டாம் உலகப்போர் வந்தது. வெள்ளித் தட்டுப்பாடு. 1940 முதல் அதே எடை, அதே அளவில் அடித்த ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 5.8 கிராம்தான். 1947-ம் வருட ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். ஆகவே மூன்று பேத்திகளுக்கு 1919, 1944, 1947 என்று ஆளுக்கொரு காசு கொடுத்தால், ஆயாவின் மனசில் மூன்றும் சமம். தராசில் அப்படி இல்லை. பின்னாளில் அக்கா, தங்கைக்குள் இது பேச்சாகிவிடக் கூடாது என்றால் கொடுக்கும்போதே வருடத்தைப் பார்த்துவிடலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெள்ளி கலந்த நாணயங்கள் வந்தன. காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் வந்த பத்து ரூபாய் நாணயம் 15 கிராம் எடை, அதில் 80 சதவிகிதம் வெள்ளி. அப்போது வாங்கி எடுத்துவைத்த தாத்தா புத்திசாலி.

ஆயாவின் கணக்கு

புதுக் காசிலும் சமம் பார்ப்பது இப்போது லேசான காரியமில்லை. ஒரு கணக்குப் போடுவோம். மூத்த பேத்தி பிறந்தது 2019 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வெள்ளி கிராம் 50 ரூபாயை ஒட்டியே இருந்தது. பத்து கிராம் காசு 500 ரூபாய்ச் செலவில் முடிந்தது. 2025 ஜனவரியில் பிறந்த பேரனுக்கு, கிராம் சுமார் 100 ரூபாய் என்ற கணக்கில், ஆயிரம் ரூபாய். அதே வருடம் அக்டோபரில் கிராம் 200 ரூபாயைத் தாண்டியது. அந்த நேரத்தில் பிறந்த கடைக்குட்டிக்கு அதே பத்து கிராம் இரண்டாயிரத்துக்கு மேல். 3 சதவிகித ஜி.எஸ்.டி., செய்கூலி தனி.

முதியோர் உதவித்தொகையிலோ, மகன் கொடுக்கும் கைச்செலவிலோ மிச்சம் பிடித்துச் சேர்ப்பவருக்கு இது சாதாரண வித்தியாசமா? பத்து கிராமை ஐந்தாகக் குறைத்தால், அக்கா காசு பெரிசு, என் காசு சின்னது என்று பிள்ளை கேட்கும். பிள்ளை கேட்காவிட்டாலும் மருமகள் கவனிப்பார். தாய்மாமன்களின் நிலைமை இன்னும் தர்மசங்கடம். காதுகுத்துத் தட்டில் எல்லோரும் பார்க்க வைக்கவேண்டிய சீர் அது. கனம் குறைந்தால் மண்டபத்திலேயே கண்கள் பேசிவிடும். எடையில் சமமா, செலவில் சமமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. எடைதான் நியாயம் என்று தோன்றுகிறது. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் விற்கப்போவதும் எடைக்குத்தானே!

விலை ஏறியதும் போலிகளும் ஏறும். ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் தட்டு, கிண்ணம், காசு எல்லாம் விற்கிறார்கள். அதில் பேரில் மட்டும்தான் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. கொலுவுக்கு வைத்துக்கொடுக்க அழகு, முதலீடு இல்லை. வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆனாலும், 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் செய்யப்படும் வெள்ளிப் பொருள்களுக்கும் ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. எண் வந்திருக்கிறது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். காசில் 999 என்று இருக்கிறதா பாருங்கள். பில் கேளுங்கள். சீல் வைத்த அட்டையோடு வந்தால் பிரிக்காமல் வைத்திருங்கள். திரும்ப விற்கும்போது செய்கூலியும் ஜி.எஸ்.டி-யும் திரும்பி வராது என்பதையும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் ஒன்றிரண்டு வருடத்தில் விற்பதாக இருந்தால் காசு வாங்குவதில் பெரிய லாபம் இல்லை.

அடகுக்கும் வழி பிறந்திருக்கிறது. சேட்டு கடையில் வெள்ளியை வைத்தால் இஷ்டத்துக்கு மதிப்புப் போடுவார்கள் என்பது இங்கே பழைய குறை. தங்கம், வெள்ளி அடமானக் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளில், வெள்ளி நாணயங்களையும் ஒருவருக்கு 500 கிராம் வரை அடமானமாக ஏற்கலாம் என்று இருக்கிறது. நடைமுறைக்குக் கொண்டுவர 2026 ஏப்ரல் 1 வரை அவகாசம் தரப்பட்டது. பத்து காசு சேர்த்து வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, செமஸ்டர் ஃபீஸ் கட்டும் நேரத்தில் காசை விற்காமலேயே சமாளிக்க இது உதவும். வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் என்றால் உயிர். மாமா கொடுத்த காசு ஒரு ஜோடி பூட்ஸாக மாறினால் அதையும் தப்பென்று சொல்லிவிட முடியாது.

கறுத்துப்போனால்?

இந்தப் பகுதியில் வெள்ளி சீக்கிரம் கறுக்கிறது என்று பெண்கள் சொன்னால் அது பிரமை இல்லை. காற்றில் இருக்கும் கந்தக வாயுக்கள் பட்டால் வெள்ளியின் மேல் கறுப்புப் படலம் பிடிக்கும். கழிவுநீர் ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய், பக்கத்தில் கொடுங்கையூர் குப்பைமேடு, கொஞ்சம் தள்ளி மணலி ஆலைகள். பீரோவுக்குள் இருக்கும் காசுக்கே இந்த நிலைமை என்றால் அதே காற்றைச் சுவாசிக்கிற பிள்ளைகளைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

கறுத்த புதுக் காசுக்கு ஆயாக்களின் கைவைத்தியம் திருநீறு. ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் பளிச். தேய்க்காமல் எடுக்க இன்னொரு வழி உண்டு. ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, காசை அதன்மேல் வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் கறுப்பு தானாக இறங்கும். ராணி காசுக்கு மட்டும் இரண்டும் வேண்டாம். பழைய நாணயம் சேகரிப்பவர்கள் தேய்த்த காசை மதிப்பதில்லை. அது கறுப்பாகவே இருக்கட்டும்.

போகி சாயங்காலம் மறுபடி வரும். பிள்ளையின் தலையில் கொட்டிய இலந்தைப்பழமும் சில்லறையும் தரையெல்லாம் உருளும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்குவார்கள். அந்தச் சில்லறையோடு ஆயா போட்ட வெள்ளிக் காசும் இருக்கும். அது எந்தப் பக்கம் உருண்டது என்பதில் பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு கண். முதல் ஆளாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அப்புறம்தான் ஆரத்தித் தட்டைத் தேடுவார்.